அண்ணாவுக்காக விட்ட இடம்

எதற்கும் முன் நிற்கும் பிள்ளையாரை மனதில் கும்பிட்டு இதை எழுதத் தொடங்குகிறேன். எங்கள் அண்ணா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. திவசத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்குப் படித்தவர்கள் யாரையாவது கொண்டு எழுதுவிப்போம் என்றுதான் நான் சொன்னேன். அம்மா விடவில்லை. "அவன்ர பாட்டுக்குள்ள பாடினவள் நீ. நீயே எழுது. சித்தப்பாவைப் பற்றியும் எழுது. ஆக்கள் கதைக்கிறது நிக்கவேணும்" என்றார். ஆகவே தங்கச்சி நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா பிறந்தது கொட்டாஞ்சேனையில், ஒரு ஒழுங்கைக்குள் இருந்த வாடகை வீட்டில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்தவர். அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கலியாணம் முடிக்கும்வரை அவர் எங்களோடுதான் இருந்தார். விடியற்காலையில் கோயில் மணி கேட்கும். அது ஓய்கிறதற்குள் சேர்ச் மணி அடிக்கும். பிறகு துறைமுகத்தில் கப்பல் ஊதும். நாங்கள் அந்தச் சத்தத்தில் எழும்பிவிடுவோம். அண்ணா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். மணியின் சுருதியும் கப்பலின் சுருதியும் சேர்கிறதா என்று பார்ப்பாராம். "சேரேல்ல அம்மா, கப்பல் கொஞ்சம் கீழ நிக்குது" என்று சின்னப் பிள்ளையில் சொன்னதை அம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

அப்பா பக்திமான். வெள்ளிக்கிழமை தவறாமல் சுருதிப்பெட்டியை வைத்துத் தேவாரம் படிப்பார். அண்ணாவுக்கும் எனக்கும் பாட்டுச் சொல்லித் தந்தவர் அவர்தான். ஆனால் அண்ணாவின் கை வேறொன்றைத் தேடியது. ஒருநாள் சித்தப்பா ஒரு கப்பல்காரனிடம் வாங்கிய சின்னக் கீபோர்ட் ஒன்றைத் தன் சாரத்துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணா அன்று சாப்பிடவே இல்லை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கரண்டு போனா உன்ர சங்கீதம் எங்கையடா போகும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்பா பிறகும் பலமுறை கேட்டிருக்கிறார்.

கொழும்பில் தமிழர் வீடுகளை எரித்த கலவரத்தில் அந்த வீடும் எரிந்தது. அப்பாவின் சுருதிப்பெட்டியும் அண்ணாவின் கீபோர்டும் ஒரே அறைக்குள் இருந்தவை. "கரண்டுச் சங்கீதமும் கரண்டில்லாச் சங்கீதமும் ஒரே நெருப்பிலதான் போனது" என்று அண்ணா பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார். அகதி முகாமிலிருந்து வந்த பிறகு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில்பாதைக்குக் கிட்ட, ஒரு தொடர்மாடியில் வீடு எடுத்தோம். அம்மா இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

அண்ணாவால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. பகலில் புறக்கோட்டையில் ரேடியோ திருத்தும் கடையில் நின்றார். பின்னேரங்களில் கலியாண வீடுகளுக்குக் கீபோர்ட் வாசித்தார். கோயில்களுக்குப் பக்திப்பாட்டுக் கசெற் செய்தார், ரேடியோவுக்கு விளம்பரப் பாட்டுச் செய்தார். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் ஒன்றுக்கு அவர் போட்ட மெட்டு நாடு முழுக்கப் பாடப்பட்டது. காலி வீதியில் மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரர் அந்த மெட்டைப் பாடித்தான் நிறுப்பார். அண்ணாவுக்குக் கூச்சமாக இருக்கும். "என்ர சவம் தூக்கேக்கையும் இதைத்தான் பாடுவாங்கள்" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அந்த மெட்டுக் காசில் நடந்த என் கலியாணத்தை முடித்துவைத்தது சவர்க்காரம்தான் என்று எங்கள் வீட்டில் பகிடியாகச் சொல்லுவோம். அவர் தன் கலியாணத்தைப் பிந்தித்தான் செய்தார். பிள்ளைகள் இல்லை. அண்ணி பள்ளிக்கூட ரீச்சர். அவர் உழைப்பிலும் பொறுமையிலும்தான் அண்ணா தன் சொந்தச் சங்கீதத்தைச் செய்ய முடிந்தது.

அது என்ன சங்கீதம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஊரில் கேட்கும் சத்தங்களை அண்ணா ஒரு மெசினுக்குள் பிடித்து வைப்பார். கடல், ரயில், கோயில் மணி, பேலியகொடை மீன் சந்தையில் விலை கூறும் குரல் எல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றை இழுத்தும் குறுக்கியும் சுருதிக்குக் கொண்டுவருவார். அதற்கு எதிரே மிருதங்கமும் புல்லாங்குழலும் வாய்ப்பாட்டும் இருக்கும். மெசின் ஒன்று சொல்ல மனிதர் ஒன்று சொல்லுவார்கள். சபாக்காரர் இதைக் கேட்டு மெசின் விளையாட்டு என்றார்கள். இளம் பெடியள் பஜனை என்றார்கள். இரண்டு பக்கத்திலும் கதிரை கிடைக்காமல் நடுவில் நின்றவர் எங்கள் அண்ணா. ஒருமுறை வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அழைத்து மாலை போட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்த மறுநாள் வழமைபோலக் கடையில் போய் ரேடியோ திருத்தினார்.

முந்திய மின்வெட்டுக் காலத்தில் நடந்த ஒரு கச்சேரியை இங்கே சொல்லாமல் விடமுடியாது. வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். அண்ணா முதல்முதலாகத் தன் பெயரில் செய்த கச்சேரி. அப்பாவும் வந்து முன்வரிசையில் இருந்தார். பாதியில் கரண்டு போய்விட்டது. மண்டபத்து ஜெனரேற்றரும் வேலை செய்யவில்லை. மெசின் ஒரேயடியாக அடங்கிவிட்டது. அண்ணா இருட்டுக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். மிருதங்கமும் குழலும் விடாமல் வாசித்து ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்தின. சனம் அதுவரை தட்டாத தட்டுத் தட்டியது. சிலர் முடிந்துவிட்டதென்று எழும்பிப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பா, "கடைசிப் பகுதிதான் நல்லாயிருந்தது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணா "ஓம் அப்பா" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அப்பா அண்ணாவின் கச்சேரி ஒன்றையும் கேட்காமலே காலமானார்.

அந்தக் கச்சேரிக்குப் பிறகு அண்ணா தனக்கென ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். மெசின் பகுதியை முன்கூட்டிப் பதிந்து வைத்து, அதற்குமேல் மனிதரை வாசிக்கச் சொல்லும் வழக்கம் இனி இல்லை என்றார். எல்லோரும் ஒன்றாக இருக்கவேண்டும். நான் பாடி மூச்சு எடுத்த பிறகுதான் அவர் மெசினோடு பொருத்திய பெடல் கட்டையைக் காலால் அமத்துவார், அப்போதுதான் மெசின் பேசும். "மனிசருக்கு மெசின்தான் காத்திருக்கவேணும், மெசினுக்கு மனிசர் காத்திருக்கிறது பாவம்" என்பது அவர் பேச்சு. மிருதங்கம் வாசிக்கும் குமரனும் குழல் வாசிக்கும் ருவனும் இதற்காகவே அவரோடு கடைசிவரை நின்றார்கள். ருவன் பாணந்துறைச் சிங்களப் பிள்ளை. சிங்களத்தில் அண்ணாவை அய்யே என்றும் என்னை அக்கே என்றும் கூப்பிடும். நாங்கள் தம்பி என்பதற்கு மல்லி என்போம்.

ஐந்தாறு வருடமாக அண்ணாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டே அவர் கடைசி வேலையைத் தொடங்கினார். ஒருநாள் நான் கூடப் போயிருந்தேன். கையில் ஊசி ஏறியிருக்க, மற்றக் கையால் சின்ன மைக்கை இரத்தம் சுத்தம் செய்யும் மெசினுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பிள்ளை பார்த்துச் சிரித்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஏனண்ணா இந்தச் சனியன் சத்தம் என்று கேட்டேன். "சனியன் எண்டாதே. இதுதானே என்னை உயிரோட வைச்சிருக்கு. கேட்டுப்பார், அம்மாட நீலாம்பரியில நிக்குது" என்றார். அம்மா எங்களைத் தாலாட்டியது நீலாம்பரியில். எனக்குப் பாடத் தந்ததும் அந்த ராகம்தான். வார்த்தை இல்லை, ஆராரோகூட இல்லை, இராகம் மட்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் அம்மா எழுதச் சொன்னது. அந்த வேலையை அண்ணா கட்டியது ஒரு பழைய மெசினில். அதை நிற்பாட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் மறந்துபோகும். உள்ளே இருப்பதைப் பதிந்து எடுக்க டிஸ்க் போடும் வாய் உடைந்துவிட்டது, மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. புதிது வாங்கச் சொன்னால், இதன் குரல் அதில் வராது என்பார். ஆகவே மாதக்கணக்காக அதை நிற்பாட்டவே இல்லை. நாட்டில் மறுபடி மின்வெட்டு வந்த காலத்தில் ஒரு யூ.பீ.எஸ் பெட்டியும் இரண்டு கார் பெற்றறியும் பொருத்தி வைத்தார். வீட்டில் மெழுகுதிரி எரியும். அண்ணாவின் மெசினில் மட்டும் பச்சை லைற் எரியும். "எனக்குச் சீவன் போனாலும் பெற்றறி வைக்க ஆளில்லை" என்று அண்ணி சொல்லிக் காட்டுவார். "நீர் என்ன, நிப்பாட்டினாலும் மறக்கமாட்டீரே" என்பார் அண்ணா. வேலை முடிந்துவிட்டது, எல்லோரும் ஒரு நாள் கூடி இருந்து வாசித்தால் அப்படியே பதியலாம் என்று இருந்தோம். மெசினை மட்டும் தனியாகப் பதிய அண்ணா சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் உடம்பு விடவில்லை. ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் பின்னேரம் உயிரோடு திரும்பவில்லை.

அம்மாவால் படி இறங்கி, பிரேதம் வைக்கும் மலர்ச்சாலைக்குப் போக முடியாது. அதனால் அண்ணாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எல்லாப் பொறுப்பையும் சித்தப்பா எடுத்தார். எண்பது வயது கிட்டிய மனுசன், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து இரண்டு நாளும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. ஐயரைப் பார்த்தது, கதிரை எடுப்பித்தது, மாடிப்படியில் நின்று வாறவர்களைக் கைபிடித்துக் கூட்டிவந்தது எல்லாம் அவர்தான். சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வாறவர்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணியாவது கொடுக்காமல் எப்படி என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. மகள் வீட்டிலிருந்து தண்ணி கொதிக்கவைக்கும் கரண்டுக் கேத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார். "கரண்டு நெருப்பில்லைத்தானே" என்று ஐயரிடமும் கேட்டுக்கொண்டார். குசினி பிளக்கில் அது வேலை செய்யவில்லை. பெரிய பிளக் அண்ணாவின் அறையில்தான் இருந்தது. அதில் இருந்த வயரைக் கழற்றிக் கேத்திலைப் போட்டார். உடனே யூ.பீ.எஸ் பெட்டி கீ கீ என்று கத்தத் தொடங்கியது. முன்னறையில் தேவாரம் படித்துக்கொண்டிருந்தார்கள். சாவீட்டில் ஒரு பெட்டி இப்படிக் கத்துகிறதே என்று பதறி அதன் பொத்தானையும் அமத்திவிட்டார். நாங்கள் எல்லோரும் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தோம். நானும் குடித்தேன்.

சாத்தீட்டான துடக்கு நாட்களில் எங்கள் வீட்டில் ரீ.வி., ரேடியோ, பாட்டு ஒன்றும் இல்லை. அண்ணாவின் அறையைப் பூட்டி வைத்திருந்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை குமரனும் ருவனும் வந்தார்கள். அண்ணா இல்லாவிட்டாலும் மெசின் இருக்கிறது, காலால் அமத்துவதைக் குமரன் பார்த்துக்கொள்ளலாம், அவர் ஆசையை முடித்துவிடுவோம் என்றார்கள். குமரன் மெசினைப் போட்டுவிட்டுக் கனநேரம் குனிந்து நின்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, இதை யார் நிப்பாட்டினது என்று மெதுவாகக் கேட்டார். அப்போது சித்தப்பா வாசலடியில் அம்மாவுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டு இருந்தார்.

"நான்தான் தம்பி, தேத்தண்ணிக்கு. ஏன், பழுதாப் போட்டுதோ?"

ருவன் தன் சிங்களத் தமிழில் ஒன்றுமில்லை மாமா என்று சொல்லப் பார்த்தது. ஆனால் அது அழுதுகொண்டு சொன்னதால் சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது. உரித்த பழத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, துவாயால் கையைத் துடைத்து, அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர்தான். கொழும்பில் தெரிந்த ஆட்களைக் கொண்டு மெசினைத் திறந்தும் பார்த்தோம். அதற்குள் ஒன்றுமே இல்லை. கடலும் ரயிலும் மணியும் அந்த ஆஸ்பத்திரிச் சத்தமும் போய்விட்டன. கீபோர்டைத் தந்த கையாலேயே இது நடக்கவேண்டும் என்று இறைவன் ஏன் வைத்தானோ தெரியாது. நான் கோயிலில் நின்று கேட்டுப்பார்த்தேன்.

அதற்குப் பிறகு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரெலிபோன் வரத் தொடங்கியது. சித்தப்பா அண்ணாவின் பாட்டை அழித்துப்போட்டாராமே என்று கேட்டார்கள். கலியாண வீடொன்றில் அவர் காதுபடவே யாரோ கேத்தில் கதையைப் பகிடியாகச் சொன்னார்களாம். அதிலிருந்து அவர் கோயிலுக்குப் போவதையும் விட்டார். ஆறாம் மாதச் சடங்கான மாசியத்துக்கும் வரவில்லை. இதுதான் எங்களுக்குப் பெரிய துக்கமாக வந்தது. பாட்டுப் போனது போனது. இருக்கிற மனுசனும் போய்விடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். "என்ர பிள்ளைக்கு வருசம் முடியமுதல் தம்பி இந்தப் படியேறவேணும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் குமரன் வந்து ஒரு யோசனை சொன்னார். மெசின் பகுதிதான் இல்லை. மிருதங்கம் குமரனின் கையில் இருக்கிறது, குழல் ருவனிடம் இருக்கிறது, நீலாம்பரி என் தொண்டையில் இருக்கிறது. அண்ணாவின் பகுதிக்கு வேறு சத்தம் போட்டு நிரப்பவேண்டாம். அந்த இடங்களை அப்படியே விடுவோம். அவர் எடுக்கும் நேரம் முழுக்கக் காத்திருந்து பிறகு தொடருவோம் என்றார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினார்.

அன்றைக்கே நான் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். சித்தப்பா மகள் வீட்டு வாசலில் சேட்டும் போடாமல் இருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. வாங்கோ என்று கூப்பிட்டேன், அம்மா கேட்கிறா என்றேன். "நான் வந்து என்ன செய்ய? கேத்தில் வைக்கவோ?" என்றார். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அவர் சேட்டை எடுத்துக் கொடுத்தேன். சின்ன வயதில் அவர் எனக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி, கையைப் பிடித்து மாட்டிவிட்டேன். பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை அவர் முன் சீற்றுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

வீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவரை இருத்தினோம். அண்ணாவின் கதிரையை அதன் இடத்தில் வைத்தோம். நான் நீலாம்பரியைத் தொடங்கினேன். குழல் சேர்ந்தது, மிருதங்கம் மெதுவாக வந்தது. பிறகு நான் மூச்சு எடுக்கும் இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினோம். குமரனின் விரல்கள் மட்டும் தொடையில் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தன. முன்பென்றால் அண்ணாவின் கால் கட்டையை அமத்தும் இடம் அது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சித்தப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பயந்த குரலில் கேட்டார்.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

அம்மாதான் அவர் கையைப் பிடித்தார்.

"இல்லைத் தம்பி. இப்ப அவன்ர முறை. கொஞ்சம் பொறு."

சித்தப்பா கையைக் கூப்பிக்கொண்டார். அடுத்தடுத்து அண்ணாவின் முறை வந்த இடமெல்லாம் கூப்பிய கையை அவர் இறக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. வாசித்து முடிந்த பிறகு அண்ணி குசினிக்குப் போய் அடுப்பில் தண்ணி வைத்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து முதல் கோப்பையைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். சீனி கூடிப்போச்சு என்று அவர் சொன்னார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் சொன்ன முதல் குறை அது. அம்மாவுக்குச் சந்தோசம்.

இனி நன்றி சொல்லவேண்டும். அண்ணாவை ஐந்தாறு வருடம் தாங்கிய ஆஸ்பத்திரி டொக்டர்மாருக்கும், அந்தச் சின்ன மைக்குக்குச் சிரித்த நர்ஸ் பிள்ளைக்கும், கிரியைகளைக் குறைவில்லாமல் செய்துதந்த ஐயருக்கும், சாப்பாடு கொண்டுவந்து தந்த மேல்மாடி, கீழ்மாடிக் குடும்பங்களுக்கும், தூர தேசங்களிலிருந்து துக்கம் விசாரித்தவர்களுக்கும், குமரனுக்கும், ருவன் மல்லிக்கும், ஒரு குறையும் சொல்லாமல் கூட நின்ற அண்ணிக்கும் எங்கள் நன்றி. எல்லோருக்கும் மேலாக எங்கள் சித்தப்பாவுக்கு நன்றி. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனாலும் வந்த ஒருவரும் வறண்ட தொண்டையோடு திரும்பவில்லை. அதைச் செய்தவர் அவர். அண்ணா இருந்திருந்தால் பிளக்கைத் தானே கழற்றிக் கொடுத்திருப்பார். இதற்குமேல் இந்தக் கதையை யாரும் கதைக்கவேண்டாம் என்று அம்மா எல்லோரையும் கேட்டுக்கொள்கிறார்.

திவசத்தன்று மதிய போசனத்துக்கு முன் மண்டபத்தில் அண்ணாவின் அந்தக் கடைசி வேலையை வாசிக்க இருக்கிறோம். வருகிறவர்களிடம் தங்கச்சியின் ஒரேயொரு வேண்டுதல். நடுவில் சில இடங்களில் சத்தம் நின்றுபோகும். கரண்டு போகவில்லை. முடியவும் இல்லை. தயவுசெய்து கை தட்டவேண்டாம், எழும்பவும் வேண்டாம். எங்களோடு சேர்ந்து கொஞ்சம் காத்திருங்கள்.

அம்மா, அண்ணி, சித்தப்பா எல்லோருக்குமாக,
தங்கச்சி
வெள்ளவத்தை